இலை அச்சுப் பெட்டி: சரக்கு சரி, குறிப்புத்தாள் சரியில்லை

இலையின் உருவத்தைத் துணியில் பதிக்கத் தேவையான பொருட்கள் அடங்கிய இந்தப் பெட்டியை ராமநாதபுரத்தில் ஒரு கைவினைக் கடையில் 850 ரூபாய்க்கு விற்கிறார்கள். 100 கிராம் எடையுள்ள பருத்தித் துப்பட்டா, கடுக்காய்த் தூள் 20 கிராம், படிகாரம் 15, அன்னபேதி (இரும்பு உப்பு) 10, சிவப்புச் சாயம் தரும் சாயவேர்த் தூள் 25, ஒரு பிவிசி குழாய்த் துண்டு, நூல்கண்டு. துணி நல்ல நெசவு. கடுக்காயும் படிகாரமும் இந்த எடைக்குக் கச்சிதமான அளவு.

கோளாறு குறிப்புத்தாளில்தான். 'சுத்தமான தண்ணீர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். கரையோர ஊர்களில் போர் தண்ணீர் கண்ணுக்குப் பளிங்காக இருந்தாலும் உப்பும் இரும்பும் கலந்திருக்கலாம். ஒரு டம்ளரில் பிடித்து அரை ஸ்பூன் கடுக்காய்த் தூளைக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். வெளிர் மஞ்சளாகவே நின்றால் துணியை இறக்கலாம். மை கரைத்தாற்போலக் கறுத்தால் இரும்பு இருக்கிறது. அதில் நனைத்த துணி இலை வைக்கும் முன்பே சாம்பல் பூத்துவிடும். அப்படியானால் அதற்குப் பதில் காவிரிக் கூட்டுக் குடிநீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ போதும்.

துப்பட்டாவில் கஞ்சி இருக்கிறது. ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசினால்தான் சாயம் ஒட்டும். தாளில் இது இல்லவே இல்லை. பிறகு கடுக்காய் நீரில் ஓர் இரவு, பிழிந்து நிழலில் உலர்த்தி, படிகார நீரில் இன்னோர் இரவு. கடலைப் பார்த்த கொடியில் காயப்போட வேண்டாம். உப்புக்காற்று ஏறினால் துணி பிசுபிசுவென்று காயாமலே கிடக்கும்.

'அன்னபேதியை முழுவதும் கரைக்கவும்' என்று அச்சடித்திருப்பது பெரிய தப்பு. ஒரு லிட்டருக்கு 2 கிராம் தாராளம். அதிலும் இலையைத்தான் முக்க வேண்டும், துணியை அல்ல. இரும்பு மிஞ்சினால் பருத்தி நூல் நாள்பட இற்று, மடிப்பில் கிழியும்.

இலைக்கு நாட்டு வாதாம், ஆமணக்கு, இளம் தேக்கு நம்பலாம். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி பார்க்க அழகு, ஆனால் சாறு கசிந்து ஓரம் கலங்கும். நரம்பு புடைத்த அடிப்பக்கம் துணியைத் தொட வேண்டும். இலை வைத்த துணியைக் குழாயில் இறுக்கிச் சுற்றி, பழைய இட்லிப் பானையில் ஒன்றரை மணி நேரம் ஆவி. (அந்தப் பானை மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது.) தண்ணீர் சுருளைத் தொட்டால் அச்சு கரைந்துவிடும். முழுக்க ஆறிய பிறகு, முடிந்தால் மறுநாள், பிரியுங்கள்.

சாயவேர்தான் ஏமாற்றம். ஒரு காலத்தில் ராமேசுவரம் மணலில் தோண்டிய வேர், துணிச் சிவப்புக்குப் பேர் போனது. 100 கிராம் துணிக்கு 25 கிராம் போட்டால் வெளிறிய ரோஸ்தான் வரும். சிவப்பு வேண்டுமென்றால் துணியின் எடைக்குச் சமமாவது வேர் வேண்டும். அந்தப் பொட்டலத்தை எடுத்துவிட்டு 700-க்குக் கொடுத்தால் வாங்கலாம்.