விந்தணுவைச் சுழற்றிப் பிரிப்பதா, நீந்த விடுவதா?

இக்சிக்கு, அதாவது ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு, விந்தணுக்களைப் பிரித்தெடுக்க எங்கள் லேபில் பல வருடங்களாக டென்சிட்டி கிரேடியன்ட்தான் (அடர்த்தி அடுக்குகள் வழியே சுழற்றிப் பிரிப்பது). போன வருடம் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புக்கு (விந்தணுக்களை நீந்த விட்டுப் பிரிக்கும் சிறு கருவி) மாறினோம். மாறியே ஆக வேண்டும் என்று நின்றவள் நான்.

கிரேடியன்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 80 சதவீதம் கீழே, 40 மேலே என இரண்டு அடுக்கு சிலிக்கா திரவம், அதற்கு மேல் விந்து. சென்ட்ரிஃபியூஜில் 15, 20 நிமிடம் சுற்றி, அடியில் படிந்ததை எடுத்துக் கழுவி மறுபடி சுற்றுவோம். செலவு குறைவு, எண்ணிக்கையும் நிறையக் கிடைக்கும்.

சிப்பில் சுற்றும் வேலையே இல்லை. நாங்கள் வைத்திருப்பதில் கீழறைக்குள் 850 மைக்ரோலிட்டர் விந்தைச் சிரிஞ்சால் மெதுவாக விட வேண்டும். காற்றுக்குமிழி புகுந்தால் அந்த இடத்துச் சவ்வு வீண். சவ்வில் 8 மைக்ரான் துளைகள், மேலே மீடியம் (வளர்ப்புத் திரவம்), இன்குபேட்டரில் 30 நிமிடம். விந்தணுவின் தலை சுமார் 5 மைக்ரான் நீளம்தான், இடம் தாராளம். ஆனால் நீந்தத் தெம்பிருப்பதுதான் மேலே வரும். செத்ததும் வெள்ளையணுவும் கீழேயே நின்றுவிடும்.

என்னை மாற்றியது டிஎன்ஏ சிதைவு. சுற்றும்போது செத்த அணுக்களும் வெள்ளையணுக்களும் நல்லவற்றோடு நெருக்கப்படுகின்றன. அவை வெளிவிடும் வீரியமான, எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவை உடைக்கும். முதிர்ந்த விந்தணுவில் சைட்டோபிளாசம் சொற்பம், அதனால் தற்காப்பும் சொற்பம். உடைந்ததைத் தானே ஒட்டிக்கொள்ளவும் அதனால் முடியாது, கருமுட்டைதான் சரிசெய்ய வேண்டும். வயது கூடிய பெண்ணின் முட்டைக்கு அந்தச் சக்தி குறைவு. கிரேடியன்ட் அடுக்குகள் இதில் ஓரளவு வடிகட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரே விந்து மாதிரியை இரண்டாகப் பிரித்து ஹேலோ டெஸ்ட் (டிஎன்ஏ சிதையாத தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும் சோதனை) செய்தபோது, கிரேடியன்ட் ஸ்லைடில் ஒளிவட்டமில்லாத மொட்டைத் தலைகள் ஆங்காங்கே கண்ணில் பட்டன. சிப் ஸ்லைடில் அவற்றைத் தேட வேண்டியிருந்தது.

இதனால் குழந்தை நிச்சயம் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. எல்லாத் தம்பதிகளையும் சேர்த்துப் பார்த்த சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளில் கருத்தரிப்பு விகிதம் தெளிவாக உயரவில்லை. ஐயுஐக்கு (விந்தணுக்களை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) நான் சிப் போட்டது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். எண்ணிக்கையோ நகர்வோ மிகக் குறைந்த மாதிரிக்குச் சிப் உதவாது, கைக்கு ஒன்றும் மிஞ்சாது. கணவருக்கு எச்ஐவி இருந்தால் வைரஸைக் கழுவி நீக்க இன்றும் கிரேடியன்ட்தான். அதனால் சென்ட்ரிஃபியூஜ் எங்கள் மேஜையை விட்டுப் போகவில்லை.