பீச்சுத் தண்ணீரா, சூட்டு முள்ளா, பிரஷர் முள்ளா: அவுட்போர்டு இன்ஜினில் எதை நம்புவது?

காரைக்குடியில் கார் மீட்டர் வேலை பார்க்கிறவன் நான். கடலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மீன் குழம்போடு சரி. தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டியிலிருந்து ஒரு தம்பி, படகு இன்ஜினின் சூட்டைக் காட்டும் கேஜைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணே, முள்ளு பாதிகூட ஏற மாட்டேங்குது. வேகம் கூட்டினா இன்னும் இறங்குது. கேஜ் போச்சாண்ணே?"

கேஜ் நன்றாகத்தான் இருந்தது. அவர் அதைக் காரோட்டியின் கண்ணால் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். சூடு ஏறியதும் திறந்து தண்ணீரை விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். காரில் அது 82 டிகிரிக்கு மேல் திறக்கும். முள் 90 பக்கம் நின்றால் நிம்மதி. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினில், மாடலைப் பொறுத்து, பெரும்பாலும் 50 முதல் 62 டிகிரிக்குள் திறந்துவிடும். காரணம் உப்பு. இங்கே ரேடியேட்டர் கிடையாது, கடல் தண்ணீரே நேராக உள்ளே போய் வெளியே வருகிறது. அதைக் கார் அளவுக்குச் சூடாக்கினால், சுடுதண்ணீர்ப் பானையில் உப்புப் படிவதுபோல இன்ஜினின் நீர்வழியெல்லாம் அடைத்துவிடும்.

வேகம் கூட்டினால் முள் இறங்குவதும் சரியே. ஐட்லிங்கில் தண்ணீர் ஓட்டம் கம்மி, தெர்மோஸ்டாட் தடுத்துத் தடுத்து விடுவதால் முள் 60 பக்கம் நிற்கும். வேகம் பிடித்ததும் பம்பு அழுத்தம் கூடும். பல பெரிய இன்ஜின்களில் அந்த அழுத்தமே தனி வால்வு ஒன்றைத் தள்ளித் திறந்து, தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரை உள்ளே விடுகிறது. முள் 50க்குக் கீழே போனாலும் பயமில்லை. ஐட்லிங்கிலேயே நாற்பதைத் தாண்டவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்: தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதன் விளைவு, எரியாத பெட்ரோல் ஆயிலில் கலப்பது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் கூடும், முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும்.

இனி போட்டிக்கு வருவோம்.

பீச்சுத் தண்ணீர் என்பது இன்ஜின் பக்கவாட்டில் சிறுதுளை வழியாகப் பீய்ச்சுமே, அதுதான். காசில்லாத கேஜ். கரையோரத்தில் பலரும் அதில் கையை வைத்துப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் அது சொல்வது 'பம்பு சுற்றுகிறது' என்பதை மட்டுமே. பல மாடல்களில் அந்தக் குழாய் தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்துவிடுவதால், மேலே தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிச் சிலிண்டர் ஹெட் வேகும்போதும் பக்கத்தில் ஜோராகப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். எதிர்க்கட்சியும் உண்டு: துளையில் மணல் துணுக்கு அடைத்துப் பீச்சு நின்றுபோகும், இன்ஜினோ குளுகுளுவென்று இருக்கும். நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் சரியாகிவிடும்.

சூட்டு முள் உண்மையான வெப்பத்தைச் சொல்கிறது, ஆனால் ஓரிடத்து வெப்பத்தை மட்டும். வி வடிவ இன்ஜினில் இரண்டு ஹெட் இருக்க, ஒன்றில்தான் சென்சர் என்றால் மற்றது வெந்தாலும் முள்ளுக்குத் தெரியாது. பெரிய வம்பு வயரிங்கில் இருக்கிறது. வழக்கமான ஒற்றை வயர் சென்சரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். வயர் அறுந்தால் முள் அடியில் கிடக்கும். வயர் பாடியில் உரசி எர்த் ஆனால் உச்சியில் ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்ட நோய்தான் ஆபத்து. உப்புக் காற்றில் கனெக்‌ஷன் பச்சை பூத்தால் தடை கூடும். கூடினால் முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதாவது, பழையதாக ஆக ஆக இந்தக் கேஜ் 'எல்லாம் நலம்' என்றே பொய் சொல்லும்.

அந்தப் பொய்யை நானே ஒருமுறை உருவாக்கினேன். கடையில் கிடந்த கார் சென்சரைப் படகு கேஜோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். இரண்டின் ஓம் கணக்கும் வேறு வேறு. பீப்பாய்த் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்தால் முள் 40 என்கிறது, ஹெட்டில் கை வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வைத்துச் சரிபார்க்காமல் எந்தக் கேஜையும் கொடுப்பதில்லை. (துப்பாக்கியைப் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டாதீர்கள், குறைத்துச் சொல்லும். மேட் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து அதில் காட்டுங்கள்.)

என் ஓட்டு, பம்பு தள்ளும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள்ளுக்கு. தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். சேறும் கடற்புல்லும் ஏராளம், இப்போது பாலித்தீன் பையும் சேர்ந்துகொண்டது. நீர் எடுக்கும் வாயில் பை ஒட்டினால் முதலில் விழுவது அழுத்தம், அப்புறம்தான் சூடு ஏறும். அந்த இடைவெளியில் இன்ஜினை நிறுத்தி, பின்னோக்கி ஒரு தட்டுத் தட்டிப் பையை விலக்கிவிடலாம். முழு வேகத்தில் பல இன்ஜின்களில் 10 முதல் 20 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரும். ஐட்லிங்கில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐதான், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மாதாமாதம் அதே வேகத்தில் அழுத்தம் சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டே போனால் பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்கிறது என்று பொருள். சூட்டு முள்ளால் இந்த முன்னறிவிப்பைத் தர முடியாது. அதே சமயம் தெர்மோஸ்டாட் கோளாறைப் பிரஷர் முள் காட்டாது, ஆகவே பெரிய இன்ஜினுக்கு இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் பிரஷர் முள்.

அலாரத்தை நான் போட்டியில் சேர்க்கவில்லை. பல மாடல்களில் அது 85 டிகிரிக்கு மேல்தான் கத்தும். சில இன்ஜின்கள் தாமாகவே வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். உயிர் காக்கும், ஆனால் வரும் முன் சொல்லாது. இன்னொன்று, ஓடி வந்து நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால் உள்சூடு சில நிமிடம் ஏறும். சாவியைத் திரும்பப் போடும்போது முள் உயரத்தில் இருந்தால் பதறாமல், ஓட விட்டு இறங்குகிறதா என்று பாருங்கள்.

கையால் திருப்பும் 9.9 குதிரைத்திறன் இன்ஜினுக்குக் கேஜ் எதுவும் வாங்க வேண்டாம் என்பேன். பீச்சைப் பார்த்து, இம்பெல்லரைக் காலாகாலத்தில் மாற்றி, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். எங்கள் பக்கத்து ஊருணித் தண்ணீர் கிடைத்தால் யோகம்தான். போர் தண்ணீர்கூடக் கடல் தண்ணீருக்கு மேல்.

தொண்டித் தம்பி அந்தக் கேஜை அப்படியே திரும்பக் கொண்டுபோய் மாட்டினார், கூடவே ஒரு பிரஷர் கேஜும். ஐட்லிங்கில் முள் நிற்கும் இடம், ஓட்டத்தில் நிற்கும் இடம் இரண்டையும் கண்ணாடியில் வீட்டம்மாவின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். டிகிரி எண்ணை இப்போதெல்லாம் அவர் பார்ப்பதே இல்லையாம்.