டர்பனில் வானிலைக் கருவி வாங்குகிறீர்களா? அந்தச் சூரியன் படத்தை நம்பாதீர்கள்

கம்பத்தில் மாட்டுகிற வெளிப்பகுதி ஒன்று, வீட்டுக்குள் வைக்கிற திரை ஒன்று, இரண்டும் சேர்த்து 2,500 ராண்டுக்குள் கிடைக்கிற வகைதான். டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூரையோரம் போன குளிர்காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்றின் வேகம், திசை, மழையளவு எல்லாம் காட்டும். அளக்கிற வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் திரையின் மூலையில் சூரியனும் மேகமும் போட்டு நாளைக்கு என்ன என்று ஜோசியம் சொல்கிறதே, அது நம் கடற்கரைக்குப் பல நாள் தலைகீழாகத்தான் இருக்கும்.

காரணம் கருவிக்குள் இருக்கிற கணக்கு. அழுத்தம் இறங்கினால் மழைப்படம், ஏறினால் சூரியன், அவ்வளவுதான். ஐரோப்பா பக்கம் இது ஓரளவு சரியாக வரும். அங்கே ஒரு தாழ்வழுத்தம் வந்தால் முதலில் வெப்ப முகப்பு, அதாவது சூடான காற்றின் முன்விளிம்பு, வரும்: வெதுவெதுப்பான காற்று எதிரே கிடக்கிற குளிர்காற்றின் மேல் மெல்ல ஏறிப் படரும், மெல்லிய கீற்று மேகம், நிலவைச் சுற்றி வளையம், அப்புறம் வானம் முழுக்கச் சாம்பல் போர்வை, அப்புறம் மணிக்கணக்காக நிதானமான மழை, இந்த நேரம் முழுக்க அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். பின்னாலேயே குளிர் முகப்பு வந்து சூடான காற்றை அடியில் புகுந்து நெம்பித் தூக்கும், மழை கொட்டித் தீர்த்துவிட்டு வானம் வெளுக்கும், அழுத்தம் ஏறும். முதல் உலகப்போர் முடிந்த கையோடு நார்வேயின் பெர்கன் நகரத்தில் வில்ஹெல்ம் பியர்க்னெஸும் அவர் மகன் யாக்கோப்பும் அவர்களோடு இருந்தவர்களும் வகுத்த பாடம் இது. முகப்பு என்று பெயர் வைத்ததே போர்முனையை நினைத்துத்தான்.

நமக்கு அந்தப் பாடத்தில் பாதிதான் பொருந்தும். தாழ்வழுத்தங்கள் ஆப்பிரிக்காவுக்கு வெகு தெற்கே கடலோடு கடலாகப் போய்விடுகின்றன, அவற்றின் வெப்ப முகப்பும் கூடவே போய்விடுகிறது, குளிர் முகப்பின் வால் மட்டும் நம்மை உரசிவிட்டுப் போகும். டிவி வரைபடத்தில் முக்கோணப் பல் வைத்த நீலக்கோடு அடிக்கடி பார்த்திருப்பீர்கள், அரைவட்டம் வைத்த சிவப்புக்கோடு நம் நிலத்தின் மேல் எப்போதாவது பார்த்ததுண்டா?

டர்பனில் நடப்பது இப்படி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆடி மாதம் இங்கே நடுக்குளிர்காலம். முகப்பு வருவதற்கு முன்னால் அழுத்தம் மளமளவென்று இறங்கும், திரையில் மழை மேகம் வந்துவிடும். வெளியே பார்த்தால் பொட்டு மேகம் இருக்காது. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து பெர்க் காற்று இறங்கி வரும், கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி வீதம் சூடாகிக்கொண்டே வருவதால் அந்தக் குளிர்காலத்திலும் 30 டிகிரியைத் தாண்டும், ஈரப்பதம் அடியோடு விழும். அப்புறம் திடீரென்று தென்மேற்குக் காற்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் 10 டிகிரி குறையும், அழுத்தம் ஏறும், கருவி சந்தோஷமாகச் சூரியனைப் போடும். பின்னால் வருகிற உயரழுத்தம் கடலின் ஈரக்காற்றை நிலத்துக்குள் தள்ளுவதால் அந்தச் சமயத்தில்தான் இங்கே மேகம் கூடித் தூறல் பிடிக்கும், துணியை உள்ளே எடுங்கள்.

அதனால் படத்தை மறந்துவிட்டு மூன்றைப் பாருங்கள்: அழுத்தக் கோடு, ஈரப்பதம், காற்றின் அம்புக்குறி. முகப்பு வரும்போது காற்று வருகிற திசை இப்படி மாறும்: வடகிழக்கு, அப்புறம் வடமேற்கு, அப்புறம் சட்டென்று தென்மேற்கு. அம்பு தென்மேற்குக்குத் திரும்பி, அழுத்தக் கோடு பள்ளத்திலிருந்து நிமிர்ந்தால் முகப்பு உங்கள் தலைக்கு மேல் கடந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கண்முன்னே பார்க்க முடிகிறது என்பதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் அம்பு சரியாகக் காட்ட வேண்டுமே. என்னுடைய மாடலில் வடகோளம், தென்கோளம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, பெட்டியிலிருந்து வரும்போது வடகோளத்தில் இருக்கும். இங்கே சோலார் தகடு வடக்கே பார்க்க வேண்டும் என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தென்மேற்குக் காற்று வடகிழக்கு என்று விழும். விளக்கப் புத்தகத்தில் இதைக் கடைசிப் பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அழுத்தத்தையும் கடல்மட்டத்துக்குத் திருத்த வேண்டும், 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 12 ஹெக்டோபாஸ்கல் குறைத்துக் காட்டும். ஏறுதா இறங்குதா என்று மட்டும் பார்ப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

கேப் டவுனில் இருப்பவர்களுக்குப் படம் எங்களை விட ஒத்துப்போகும், அங்கே குளிர்கால மழையே வடமேற்குக் காற்றோடு முகப்பு வரும்போதுதான். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் குளிர்காலத்தில் முகப்பு வந்தால் பெரும்பாலும் மழை இல்லாத வறண்ட குளிரும் விடியற்காலை உறைபனியும்தான், மழைப்படத்தைக் கண்டு குடையைத் தேடாதீர்கள்.

வெள்ள எச்சரிக்கைக்கு இதை நம்பவே கூடாது. 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி 400 பேருக்கு மேல் இறந்தார்களே, அது குளிர் முகப்பு அல்ல, மேற்கத்தியக் காற்றோட்டத்திலிருந்து அறுந்து நின்றுபோன தாழ்வழுத்தம். ஒரு கூரையில் இருக்கிற கருவிக்கு அது எங்கே தெரியும், அதற்கு வானிலைச் சேவையின் எச்சரிக்கைதான் வழி.

மற்ற குறைகள்: லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் திரை பேட்டரியில் ஓடும், ஆனால் வெளிச்சம் தொடர்ந்து எரியாது, பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். மழைக் கிண்ணத்தில் சிலந்தி கூடு கட்டினால் எவ்வளவு பெய்தாலும் பூஜ்யம்தான். அப்புறம் குரங்குகள். காற்றுவேகம் அளக்கிற மூன்று கிண்ணத்தில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன, உதிரி பாகம் தனியாகக் கிடையாது, மொத்த வெளிப்பகுதியையும் வாங்கு என்கிறார் கடைக்காரர். சாட்ஸ்வொர்த், சில்வர்க்ளென் பக்கம் இருப்பவர்கள் வீட்டோடு ஒட்டாமல் உயரமான வழுக்குக் கம்பத்தில் மாட்டுங்கள்.