பேராயர் ரொமேரோவுக்குக் கண்ணாடி போட்ட பட்டறை

காரைக்குடியில் ஒரு சின்ன மரச்சிற்பப் பட்டறை. வாசலில் போர்டு கிடையாது. வயதான ஆசாரியும் அவர் மகனும் மட்டும்தான். அங்கே ஒன்றரை அடி உயரத்தில் புனித ஆஸ்கர் ரொமேரோ சுரூபம் ஒன்று செய்து வாங்கினேன்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி ஒன்பது வருஷம் கேன்சர் வார்டு. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் நாட்டின் பேராயராக இருந்த ரொமேரோ அரண்மனை வேண்டாமென்று, கேன்சர் நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்தார். 1980 மார்ச் 24 சாயங்காலம், அதே ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 2018-இல் புனிதர் பட்டம் கொடுத்த நாளிலிருந்தே இவர் என் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. நான் விசாரித்த கடைகளில் அந்தோணியாரும் செபஸ்தியாரும்தான் இருந்தார்கள்.

மரம், இடித்த பழைய வீட்டு உத்தரம். பர்மா தேக்கு, இழைத்ததும் எண்ணெய் வாசனை வந்தது. “கையில என்னம்மா வைக்கணும்? செங்கோலா, புஸ்தகமா?” என்று கேட்டார் ஆசாரி. மைக் வையுங்கள் என்றேன். ஏன் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1977 பிப்ரவரியில் பேராயர் ஆனபோது, வம்புக்குப் போகாத சாது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அவருடைய நண்பர் ருத்திலியோ கிராந்தே சாமியாரை ஒரு பெரியவரோடும் ஒரு பையனோடும் சேர்த்துச் சுட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயரையெல்லாம் வாசிப்பார். நாடே ரேடியோவில் கேட்கும். சாவதற்கு முதல் நாள் சிப்பாய்களைப் பார்த்து, கொல்லச் சொல்லும் கட்டளைக்கு நீங்கள் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றார்.

மகன் குறித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் ரொமேரோவை அவர் அப்பா தச்சு வேலைக்குத்தான் விட்டார், பிறகுதான் குருமடம் போனார் என்று நான் சொன்னதும் பெரியவர் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். “அப்ப இவரு நம்ம தொழில்காரருல்ல” என்றார். அன்றிலிருந்து முகத்தை மகனிடம் விடவில்லை, அவரே செதுக்கினார்.

கண்ணாடிதான் பெரிய சோதனை. ரொமேரோ என்றாலே அந்தக் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. முதலில் முகத்தோடு சேர்த்தே செதுக்கினார். கண்ணைத் துணியால் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அதைச் சீவி எடுத்தார். வெறும் முகம் யாரோ ஒரு ஆயருடையது. மூன்றாவது தடவை பித்தளைக் கம்பியை மெல்லிசாக வளைத்து, விளக்குச் சுடரில் காட்டிக் கறுக்க வைத்து, காதுக்குப் பின்னால் ஊசித் துவாரம் போட்டுச் சொருகினார். சாய்வாக வெளிச்சம் விழும்போது கண்ணாடியின் நிழல் கன்னத்தில் படுகிறது. அதைப் பார்த்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

குறையும் உண்டு. ஒரு மாதம் என்றவர்கள் இரண்டரை மாதம் இழுத்தார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். அங்கியின் கீழ்ப்பக்கம் பழைய ஆணி ஓட்டை இருந்ததைச் சொல்லாமல் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அது பிதுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கொண்டுபோனேன். மரத்துண்டே வைத்து, ரேகை பார்த்துச் சேர்த்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஆனாலும் முதலிலேயே சொல்லியிருக்கலாம், பழைய மரத்தில் ஓட்டை இருப்பது குற்றமில்லையே.

மொத்தம் 16,500 ரூபாய். பாதி அட்வான்ஸ். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று தருவதுதான் அவர்கள் வழக்கம். மெழுகு மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகத்தை நேராகப் பார்த்த படம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு கொண்டுபோங்கள். நான் ஒன்றுதான் கொடுத்தேன். மூக்கு கொஞ்சம் கூர்மையாகிவிட்டது.