1,486 டாலர் போச்சு: கரடிக்குப் பயந்து கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. சாயங்காலம் கடையிலிருந்து வந்த கடைசி ஃபோனை வைத்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன், நம்ம ஆட்களில் இன்னொருவர் அதே கவுண்டரில் போய் நிற்பார்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்கள் பக்கம் மலையில் நடக்கப் போவோம். நான், மனைவி, மகள், மச்சினன். போன செப்டம்பரில் டீட்டன் பக்கம் ஓர் ஓடைக்கரைச் சேற்றில் கால்தடம் பார்த்தோம். விரல்கள் ஐந்தும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன. அதற்கு முன்னால் நன்றாகத் தள்ளி, ஆணியால் குத்தியது போல நகக்குறிகள். கருப்புக் கரடிக்கு நகம் இவ்வளவு தள்ளிப் பதியாது, இது கிரிஸ்லி, பழுப்புக் கரடியில் ஒரு வகை. தடத்துக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே திரும்பி வந்தோம். அன்று ராத்திரி மச்சினன், "மாமா, அடுத்த தடவை கையில ஒண்ணு இல்லாம வரவேண்டாம்" என்றான். எனக்கும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. (ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் கவனியுங்கள்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, நீங்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர் வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.) ஒரு மாதம் படித்தேன். கிரிஸ்லி இருக்கும் காட்டில் நடப்பவர்கள் பெரும்பாலும் .44 மேக்னம் ரிவால்வரோ, 10 எம்எம் பிஸ்டலோதான் வைத்திருக்கிறார்கள். அவற்றைவிடச் சக்தி குறைந்த 9 எம்எம் போதுமா என்பது தீராத சண்டை. எதுவானாலும் வெற்றுமுனைத் தோட்டா (முனையில் குழி இருக்கும், பட்டதும் விரியும்) வேண்டாம், தடித்த தோல், கொழுப்பு, எலும்பு தாண்டி உள்ளே போகக் கடினமான ஈயத் தோட்டா வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே பேச்சு. இந்த அரைகுறை ஞானத்தோடு ஊர் எல்லையில் இருக்கும் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். பெயர் எழுதவில்லை. எழுதினால் வழக்கு அது இது என்று இழுப்பார்கள்.

கவுண்டரில் நரைத்த தாடியோடு ஒரு மனிதர். பல வருஷம் அலாஸ்காவில் இருந்தவராம். என் மகளின் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு .44 ரிவால்வரை எடுத்து, தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். முக்கால் கிலோகூட இல்லை. டைட்டேனியம் சிலிண்டர். "நாள் முழுக்க நடக்கிறவனுக்குக் கனம்தான் எதிரி. என் மகளுக்கு வாங்கிக்கொடுத்தாலும் இதைத்தான் கொடுப்பேன்" என்றார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் முதல் ஆள் ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடாமல் விற்றுவிட்டார் என்றார். தோட்டா நூறு, ஒரு ஜிப்லாக் பையில் இருந்தது. மேலே டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தது. கடையிலேயே செய்ததாம், கரடிக்கென்றே செய்ததாம்.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். நிஜமாகவே அதிகம் சுடாததுதானா? இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்குச் சரிவருமா? தோளில் கை போட்டு, "பிரதர், எனக்குத் தெரியாததா" என்றார். அந்தக் கையை நம்பினேன். வேறு எதையும் நான் சரிபார்க்கவில்லை.

துப்பாக்கி 1,095, மார்பில் கட்டும் ஹோல்ஸ்டர் 165, தோட்டா 142, ஆறு சதவீதம் வரி. மொத்தம் 1,486 டாலர். துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, கைகுலுக்கி அனுப்பிவைத்தார்.

இரண்டு வாரம் கழித்து ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போனேன். முதல் குண்டிலேயே உள்ளங்கையில் சுத்தியலால் அடித்தது போல இருந்தது. இரண்டு. மூன்று. நான்காவதுக்கு ட்ரிகர் அசையவில்லை. சிலிண்டர் சுற்றவும் இல்லை, திறக்கவும் இல்லை. குழாயை இலக்குப் பக்கம் நீட்டியபடியே கையை உயர்த்தினேன். ரேஞ்ச் அதிகாரி வந்து வாங்கி, வெகு நேரம் போராடித் திறந்தார். சுடாத தோட்டாக்களில் ஒன்றின் ஈயம் பித்தளை உறையிலிருந்து வெளியே நீண்டு, சிலிண்டர் வாயைத் தாண்டித் துப்பாக்கியின் உடல் பகுதியில் முட்டி நின்றது. பக்கத்துத் தோட்டாவும் பாதி வழி வந்திருந்தது.

அவர்தான் விளக்கினார். துப்பாக்கி லேசாக இருந்தால் உதைப்பு கடுமையாக இருக்கும். சிலிண்டரில் காத்திருக்கும் தோட்டாக்களின் உறை, துப்பாக்கியோடு சேர்ந்து வெடுக்கென்று பின்னால் போகும். கனமான ஈயம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். மேசைத் துணியைச் சட்டென்று உருவினால் மேலே இருக்கும் தம்ளர் அங்கேயே நிற்கிற மாதிரிதான். உறையின் வாயை இறுக்கமாக மடித்திருக்காவிட்டால் ஈயம் கழன்று முன்னால் வந்துவிடும். இவ்வளவு லேசான .44-க்கு எந்தத் தோட்டா போட்டாலும் முதலில் சுட்டுப் பார்க்க வேண்டும், ஐந்து குண்டு சுட்டுவிட்டு ஆறாவதை எடுத்து நீளம் கூடியிருக்கிறதா என்று அளக்க வேண்டும். இது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். கவுண்டரில் நின்ற அலாஸ்காக்காரருக்கு மட்டும் தெரியாதா?

கிரிஸ்லி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டரை இரண்டே நொடியில் தாண்டிவிடும். அந்த இரண்டு நொடியில் என் கையில் பூட்டிக்கொண்ட இரும்பு, பின்னால் என் மகள். இதை நினைத்து மூன்று ராத்திரி தூக்கம் இல்லை.

தனியாகத் தொழில் செய்யும் ஒரு வயதான கன் ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோனேன். அறுபது டாலர் வாங்கினார், அது நியாயமான காசு. சிலிண்டர் முகத்தை விளக்குக்குக் கீழே காட்டினார். சூடான வாயு அரித்து, அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. சிலிண்டரை விரலால் முன்னும் பின்னும் ஆட்டினார், டக் டக் என்றது. "இது பல நூறு குண்டு பார்த்த துப்பாக்கி" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் அலைக்கழிப்பு. கடைக்குச் செய்த முதல் ஃபோனில், செவ்வாய்க்கிழமை வா என்றார்கள். போனால் தாடிக்காரர் லீவு. இருந்த பையன் சுவரில் இருந்த பலகையைக் காட்டினான்: விற்றது விற்றதுதான். அடுத்த தடவை, துப்பாக்கியைத் திரும்ப வாங்கச் சட்டம் அனுமதிக்காது என்றார்கள். பச்சைப் பொய். பழுதுபார்க்க வாங்கி அதே ஆளிடம் திருப்பிக் கொடுக்கப் புதுப் படிவம்கூடத் தேவையில்லை, விலைக்குத் திரும்ப வாங்கவும் தடை இல்லை. பிறகு, கம்பெனியைக் கேள் என்றார்கள். உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும்தானாம். பிறகு, என் மணிக்கட்டில் பலம் இல்லை, பிடி தளர்ந்ததால்தான் இப்படி ஆனது என்றார்கள். நேற்று மனைவி, "விடுங்க, உயிர் போகலையே, பணம்தானே" என்றாள். என்னால் விட முடியவில்லை. 1,486 டாலர், மகளுக்காக என்று நினைத்துக் கொடுத்த 1,486 டாலர்.

இன்று தாடிக்காரரே கூப்பிட்டார். "சுடாத துப்பாக்கி என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லையே, பில்லில் இருக்கிறதா" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தேன். "பயன்படுத்தியது, உள்ளது உள்ளபடி" என்று பொடி எழுத்தில் இருந்தது, கீழே என் கையெழுத்து. கிரெடிட் கார்டு கம்பெனியும் அதே வரியைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் வயிற்றெரிச்சல். அதே கவுண்டருக்குப் பின்னால் அலமாரி நிறையக் கரடி ஸ்பிரே இருந்தது, பாய்ந்து வரும் கரடியின் முகத்தில் அடிக்கிற மிளகாய்க் காரம். ஐம்பது டாலர்கூட இருக்காது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட அலாஸ்கா ஆய்வில், பழுப்புக் கரடிகள் மேல் ஸ்பிரே அடித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் அவை தொந்தரவை நிறுத்தின. 2012-ல் அவர்களே துப்பாக்கிச் சம்பவங்கள் 269-ஐ எடுத்துப் பார்த்தார்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதத்தில் கரடியை நிறுத்தியது. ஆனால் துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுட்டவருக்கும் சுடாதவருக்கும் காயம்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. தேசியப் பூங்காவுக்குள் 2010 முதல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும் யெல்லோஸ்டோனில் சுடுவதே சட்டப்படி தவறு. இதெல்லாம் பணத்தைக் கொடுத்த பிறகு படித்தேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது மனசில்லை, சிலது மட்டும். வாய்ப்பேச்சில் சொன்னதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் கிளம்பிவிடுங்கள். பழைய துப்பாக்கி என்றால் காசு கொடுக்கும் முன் வெளி ஆளிடம் காட்டுங்கள். பையில் போட்டுத் தரும் தோட்டா வேண்டவே வேண்டாம், கம்பெனிப் பெட்டி மட்டும். காட்டுக்குள் போகும் முன் அதே தோட்டாவை ரேஞ்சில் சுட்டுப் பாருங்கள். முதலில் ஸ்பிரே வாங்குங்கள், காலாவதித் தேதி பாருங்கள், விமானத்தில் எந்தப் பையிலும் அதை எடுத்துப் போக முடியாது, இறங்கின ஊரில் வாங்குங்கள். அதைப் பைக்குள் போடாமல் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

கடை நாளைக் காலை பத்து மணிக்குத் திறக்கும். கன் ஸ்மித் கொடுத்த தாளோடு வாசலில் நிற்பேன்.