டிஜிஏ-டிஎஸ்சி கருவியோடு ஆறு வருடம்: டீசலும் தாவர எண்ணெயும்

எடை இழப்பையும் வெப்ப மாற்றத்தையும் ஒரே ஓட்டத்தில் அளக்கும் டிஜிஏ-டிஎஸ்சி கருவியில் ஆறு வருடமாக எரிபொருள் மாதிரிகளை ஓட்டி வருகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: டீசல் இதில் எரிவதைவிட ஆவியாவதுதான் அதிகம். நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் சூடேற்றினால், திறந்த கிண்ணத்தில் வைத்த 10 மில்லிகிராம் டீசலில் பெரும்பகுதி 250 டிகிரிக்குள் காணாமல் போய்விடும். முதல் வருடம் அந்த இறக்கத்தை எரிதல் என்றே குறித்து வைத்தேன். காற்றுக்குப் பதில், எதையும் எரிய விடாத நைட்ரஜனை விட்டுப் பார்த்தபோது ஏறத்தாழ அதே வளைவு வந்தது. அப்புறம்தான் பழைய அறிக்கைகளை எடுத்துத் திருத்தினேன்.

தாவர எண்ணெய் அப்படியில்லை. அதிலுள்ள கொழுப்பான ட்ரைகிளிசரைடின் மூலக்கூறு பெரிது, சுலபத்தில் ஆவியாகாது. நைட்ரஜனில் 400 டிகிரியை ஒட்டி ஒரே இறக்கம். காற்றில் 200-க்கு மேலேயே சிதையத் தொடங்கி, 600 வரை படிப்படியாக இறங்கும். கூடவே வெப்ப மாற்றத்தைக் காட்டும் டிஎஸ்சி கோட்டில் வெப்ப மேடுகள் எழும். கடைசி மேடு, கிண்ணத்தின் அடியில் கருகிய எச்சம் எரிவது. இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் கரி படிவது ஏன் என்று புரிய அந்த ஒரு மேடு போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆளிவிதை எண்ணெய். காற்றோட்டத்தில் 100 டிகிரியில் நிறுத்தி வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எடை கூடத் தொடங்கியது! ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. வெளியே எடுத்துச் சாய்த்தால் வழியவில்லை, தோல் கட்டியிருந்தது.

குறைகளும் உண்டு. எண்ணெய் ஆவி வெளியேறும் குழாயில் பிசின்போலப் படிந்து அடைத்துக்கொள்கிறது. எண்ணெய் ஓட்டுபவர்கள் அதை அடிக்கடி கழற்றித் துடைத்தே ஆக வேண்டும். கிண்ணத்தில் மாதிரி கூடினால் விளிம்பேறி வழிந்துவிடும். காலிக் கிண்ணத்தை அதே வேகத்தில் ஓட்டி, அந்தக் கோட்டை மாதிரியின் கோட்டிலிருந்து கழிக்காவிட்டால் எடைக் கோட்டை நம்ப முடியாது. நான் இண்டியத்தின் 156.6 டிகிரி உருகுநிலையை வைத்து வெப்பநிலையைச் சரிபார்ப்பேன். எடைக்குக் கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட்: நீர் வெளியேறும் முதல் படியில் 12.3 சதவீதம் இறங்க வேண்டும்.

எரிவெப்ப மதிப்பை டிஎஸ்சி மேட்டின் பரப்பிலிருந்து எடுக்காதீர்கள். பாதி எரிபொருள் எரியாமலே ஆவியாகித் தப்பிவிடுகிறது. டீசல் கிலோவுக்குச் சுமார் 45 மெகாஜூல், தாவர எண்ணெய் 39, 40 என்பதெல்லாம், மூடிய கலத்தில் முழுதாக எரித்து அளக்கும் பாம் கலோரிமீட்டர் தரும் கணக்கு.

சரி, டீசலை என்ன செய்வது? உயர் அழுத்தத்தில் ஓடும் அழுத்த டிஎஸ்சி-யில் ஆவியாதல் அடங்கும், ஆக்சிஜனேற்ற மேடு தெரியும். வேறொரு ஆய்வகத்தில் அதற்கு நேரம் கேட்டிருக்கிறேன். அதற்காகப் பாட்டிலில் டீசல் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.