ரேஞ்சுக்கும் கரடிக்காட்டுக்கும் ஒரே பிஸ்டல்: 10 மிமீ-யா, .45-ஆ?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மலைப்பக்கமாகக் குடியிருந்தால் கைத்துப்பாக்கிக்கு இரண்டு வேலைகள் வந்துவிடுகின்றன. ஒன்று, ரேஞ்சில் குறி பழகுவது. மற்றது, எல்க் மான் வேட்டைக்கோ ட்ரௌட் மீன் பிடிக்கவோ போகும்போது, கிரிஸ்லி கரடி நடமாடும் இடங்களில் மார்போடு கட்டிக்கொண்டு நடப்பது. இரண்டுக்கும் ஒரே பிஸ்டல் போதும் என்று தீர்மானித்து நான்கைப் பார்த்தேன்: 10 மிமீ ஆட்டோ தோட்டா சுடும் க்ளாக் 20, கிட்டத்தட்ட அதே உடம்பில் .45 ஏசிபி தோட்டா சுடும் க்ளாக் 21, 10 மிமீ-யில் வரும் எஃகு 1911, .44 மேக்னம் டெசர்ட் ஈகிள். வாங்கியது க்ளாக் 20. இன்று மறுபடி வாங்கச் சொன்னாலும் அதையேதான் வாங்குவேன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வழக்கமான 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) .45 தோட்டா நொடிக்கு 850 அடி வேகத்தில் போகிறது, சுமார் 370 அடி-பவுண்டு சக்தி. காட்டுக்கென்றே செய்யப்படும் 220 கிரெய்ன் 10 மிமீ தோட்டா 1,200 அடி வேகம், 700 அடி-பவுண்டு. .44 மேக்னம் 900-ஐத் தாண்டும். மேகசினில் க்ளாக் 20-க்கு 15, க்ளாக் 21-க்கு 13, மற்ற இரண்டிலும் பெரும்பாலும் எட்டு. தோட்டா நிரப்பிய க்ளாக் 20 ஏறக்குறைய 1.1 கிலோ. எஃகு 1911 காலியாகவே அந்த எடை. டெசர்ட் ஈகிள் காலியாகவே 2 கிலோ. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள் நிறையப் பேர். என் முடிவை மாற்றியது வேறு ஒன்று: ரிகாயில் ஸ்பிரிங், அதாவது சுட்டதும் பின்னால் வரும் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதி) மறுபடி முன்னால் தள்ளும் சுருள்.

ஏன் என்று புரிய 10 மிமீ-யின் பழைய கதை கொஞ்சம் வேண்டும். 1983-இல் ப்ரென் டென் பிஸ்டலோடு இந்தத் தோட்டா வந்தது. பின்னால் நின்றவர் பிஸ்டல் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ பெரிய தோட்டா தேடி 10 மிமீ-யை எடுத்தது. முழுச் சக்தியில் உதை அதிகம் என்பதால் 180 கிரெய்ன் தோட்டாவை 950 அடி வேகத்துக்குக் குறைத்துக்கொண்டது. அந்தக் குறைந்த சக்திக்கு இவ்வளவு நீளக் கேஸ் (மருந்து நிரப்பும் உலோகக் கூடு) தேவையில்லை என்று வெட்டிச் செய்ததுதான் 1990-இல் வந்த .40 எஸ்&டபிள்யூ. அதன் விளைவை இன்றும் கடை அலமாரியில் பார்க்கலாம். 10 மிமீ என்று எழுதிய பெட்டிகள் இரண்டு விதம். ரேஞ்சுக்கு வாங்கும் விலை குறைந்த பெட்டியில் 180 கிரெய்ன், 1,030 அடி வேகம், 424 அடி-பவுண்டு. காட்டுப் பெட்டியில் நான் மேலே சொன்ன 700. ஒரே பெயர், ஒரே கேஸ், ஆனால் துப்பாக்கிக்குள் நடப்பது வேறு வேறு.

ஸ்லைடைப் பின்னால் தள்ளுவது தோட்டாவின் எடையும் வேகமும் சேர்ந்த உந்தம். அந்தக் கணக்கில் பார்த்தால் 10 மிமீ-யின் காட்டுத் தோட்டா ரேஞ்ச் தோட்டாவைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு. .45-இல் வழக்கமான தோட்டாவுக்கும் கனமான 255 கிரெய்ன் +பி (வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் உள்ள) தோட்டாவுக்கும் வித்தியாசம் 1.2 மடங்குதான். இரண்டையும் ஒரே ஸ்பிரிங் தாங்க வேண்டும். ஸ்பிரிங் மெலிந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் வந்து ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதி) மோதும், மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் திரும்பிப் போய்விடும். ஸ்பிரிங் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் லேசான ரேஞ்ச் தோட்டாவுக்கு ஸ்லைடு முழுதாகப் பின்வராது, காலிக் கேஸ் வெளியேறும் வாயில் சிக்கி நிற்கும். ரேஞ்சுக்கும் காட்டுக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரண்டு பெட்டிகளையும் ஸ்பிரிங் மாற்றாமல் அது சுடுமா? எவ்வளவு நாளைக்கு?

இதைத் தெரிந்துகொள்ளத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. சுட்ட கேஸைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே, சேம்பரின் (சுடும்போது தோட்டா உட்கார்ந்திருக்கும் அறை) தாங்கல் இல்லாத பக்கத்தில், கட்டைவிரல் நகத்தை ஓட்டினால் சின்ன மேடு தட்டுப்படுகிறதா? பிறை மாதிரி ஒரு புடைப்பு தெரிகிறதா? காட்டுத் தோட்டாவில் மட்டும் அது தெரிந்தால், ஒன்று சேம்பர் தளர்வு, இல்லையேல் உள்ளே அழுத்தம் அடங்குவதற்குள் ஸ்லைடு திறந்துகொள்கிறது. அப்புறம் கேஸ் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். ஆறேழு அடியில் வலப்பக்கம் விழுந்தால் சரி. இருபது அடி தள்ளிப் போய் விழ ஆரம்பித்தால் புது ஸ்பிரிங் வாங்கும் நேரம் வந்துவிட்டது. தோட்டாவைத் தானே மறுபடி நிரப்புகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், புடைத்த கேஸைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

க்ளாக் 20 இந்த இடத்தில்தான் என்னை ஜெயித்தது. கம்பெனி ஸ்பிரிங்கிலேயே இரண்டு விதப் பெட்டியும் ஓடுகிறது. நான்காம் தலைமுறையிலிருந்து இரட்டைச் சுருளாக, கம்பியோடு சேர்ந்த ஒரே துண்டாக வருகிறது. மாற்றுவதற்கு மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, ஸ்லைடைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டால் முடிந்தது. கருவி வேண்டாம், கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) வேண்டாம். நான் சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையை நோட்டில் குறித்து வைக்கிறேன், காட்டுத் தோட்டாவைத் தனிக் கணக்காக. மூவாயிரம் நெருங்கும்போது மாற்றிவிடுகிறேன். அதற்கு மேலும் தாங்கும் என்று பலர் சொல்கிறார்கள். கரடிக்காட்டில் நம்பி நடக்கிற பொருளில் சில டாலர் மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

1911-இல் நிலைமை வேறு. கையில் பிடித்தால் அதற்கு ஈடு கிடையாது, அதை மறுக்க மாட்டேன். ஒல்லியான கிரிப், சுத்தமாக உடையும் ட்ரிகர், எஃகின் எடை உதையை வாங்கிக்கொள்கிறது. இருபத்தைந்து கெஜத்தில் என் குறி 1911-இல்தான் நன்றாக விழுகிறது. ஆனால் அது 1911-ஆம் ஆண்டில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவம், .45 ஏசிபிக்காக ஜான் பிரௌனிங் செய்தது. .45-இன் உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 10 மிமீ-க்கு 37,500. கோல்ட் நிறுவனம் 1987-இல் தன் 10 மிமீ 1911-ஆன டெல்டா எலைட்டை வெளியிட்டபோது, ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் ஸ்லைடு ஸ்டாப்புக்கு (ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்பு) மேலே இருந்த மெல்லிய ஃபிரேம் பகுதியில் விரிசல் விட்டது. பிறகு அந்தத் துண்டையே எடுத்துவிட்டுச் செய்யத் தொடங்கினார்கள். இன்றைய 10 மிமீ 1911-கள் எவ்வளவோ தேவலை. இருந்தும் முழுச் சக்தித் தோட்டா சுடுபவர்கள் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிங் மாற்றுகிறார்கள். எந்தக் கனத்தில் ஸ்பிரிங் போடுவது என்பதும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பார்த்துப் பார்த்துத் தேற வேண்டியது. ரேஞ்ச் தோட்டாவுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்பிரிங் வைத்திருப்பவர்களும் உண்டு. எக்ஸ்ட்ராக்டர் (காலிக் கேஸைப் பிடித்து இழுக்கும் கொக்கி) ஒரே துண்டு எஃகு, அதன் இழுவிசை தளர்ந்தால் கையால் வளைத்துச் சரிசெய்ய வேண்டும். இதையெல்லாம் ரசித்துச் செய்கிறவர்களுக்கு 1911 ஒரு வரம். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்து எவ்வளவு குறுகியிருக்கிறது என்று பார்ப்பதில் எனக்கும் ஒரு ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அக்டோபர் விடியலில் வேட்டைக்குக் கிளம்பும்போது எந்த ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது என்ற யோசனையே வரக் கூடாது. விலையும் க்ளாக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. திரும்ப விற்றால் டெல்டா எலைட் விலை நிற்கும், அது அதற்குச் சாதகம்.

க்ளாக் 21-ஐப் பற்றிக் குறை சொல்ல ஏதுமில்லை. அழுத்தம் குறைவு என்பதால் ஸ்பிரிங்கும் கேஸும் நீண்ட நாள் உழைக்கும், தோட்டா விலையும் 10 மிமீ-யைவிடக் கொஞ்சம் மலிவு, உதை தள்ளுவது போல மெதுவாக வரும். ரேஞ்ச் மட்டும் என்றாலோ, கருங்கரடியும் மலைச்சிங்கமும் மட்டும் உள்ள பகுதி என்றாலோ அதையே வாங்கச் சொல்வேன். கிரிஸ்லி என்று வரும்போது மட்டும், மண்டையோட்டையும் தோள் எலும்பையும் ஊடுருவ வேகமும் கனமும் சேர்ந்து வேண்டும். கனமான +பி தோட்டாவிலும் .45 ஐந்நூறு அடி-பவுண்டைத் தொடுவதில்லை. .45-இன் கூடுதல் சக்தி வடிவமான .45 சூப்பருக்கு மாற்றலாம் என்பார்கள். அதற்கும் கெட்டி ஸ்பிரிங் போட வேண்டும், சுற்றி அதே பிரச்சினைக்கே வருகிறோம்.

டெசர்ட் ஈகிளை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டதோடு சரி, சொந்தமாக வைத்துப் பராமரித்த அனுபவம் இல்லை. சுடுவதற்கு ஆனந்தமான துப்பாக்கி, .44 மேக்னம் இவ்வளவு மிருதுவாக உதைக்குமா என்று ஆச்சரியப்பட்டேன். ஆனால் அது ரைஃபிள் போல வாயு அழுத்தத்தில் இயங்குகிறது. குழலுக்குக் கீழே உள்ள சிறு துளை வழியாக அந்த வாயு போக வேண்டும், வெறும் ஈயத் தோட்டா சுட்டால் அந்தத் துளை அடைபடும். லேசான தோட்டாவும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு கிலோவை மார்பில் கட்டி மலையேறுவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஈயம் என்றதும் க்ளாக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அதன் பாலிகோனல் (கூர்மையான வரிகளுக்குப் பதில் வழவழப்பான மேடுகள் கொண்ட) குழலில் வெறும் ஈயத் தோட்டா வேண்டாம் என்பது பரவலான எச்சரிக்கை. ஈயம் படிந்து அழுத்தம் ஏறக்கூடும். காட்டுக்கென விற்கும் கனத் தோட்டாக்களில் பல கெட்டி ஈயம்தான். இதற்கு மூன்று வழிகள்: பூச்சு போட்ட கெட்டி ஈயம், முழுச் செம்புத் தோட்டா, அல்லது வழக்கமான வரிகள் வெட்டிய மாற்றுக் குழல். நான் பூச்சு போட்டதை எடுத்துக்கொண்டேன். சிலர் ஒரு மேகசின் அளவுக்கு வெறும் ஈயத்தைச் சுட்டு உடனே துடைத்துவிட்டால் போதும் என்கிறார்கள். இருக்கலாம், நான் செய்து பார்க்கவில்லை. இன்னொரு குறை கிரிப். சின்னக் கைக்காரர்களுக்குப் பழைய க்ளாக் 20 பருமன்தான், அவர்கள் கிரிப் சிறுத்த எஸ்எஃப் மாடலையோ ஐந்தாம் தலைமுறையையோ பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஸ்மித் அண்ட் வெசனின் எம்&பி 2.0-வும் 10 மிமீ-யில் வருகிறது. கடையில் பிடித்துப் பார்த்தபோது கிரிப் எனக்கு இதைவிடப் பிடித்திருந்தது. அதிகம் சுட்டதில்லை என்பதால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, பனிக்கரடிக்காக வைத்திருப்பது இதே க்ளாக் 20. அந்தக் குளிரில் மாதக்கணக்கில் திறந்தவெளியில் கிடப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கரடி ஸ்ப்ரே. 2008-இல் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் சேர்ந்து வெளியிட்ட அலாஸ்கா ஆய்வில், பழுப்புக் கரடிகளை (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) ஸ்ப்ரே 92 சதவீதம் நிறுத்தியிருந்தது. எனக்கு ஸ்ப்ரே இடுப்பில், பிஸ்டல் மார்பில். முதுகுப்பையின் இடுப்புப் பட்டை ஹோல்ஸ்டரை மறைத்துவிடும் என்பதால் மார்பு ஹோல்ஸ்டர்தான் சரி. வேட்டையாடிய எல்க்கை அறுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போதும் ஒரே கையில் உருவ முடிகிறது. கரடி மேலே விழுந்த நிலையில் குழல் முனையை அதன் உடம்பில் அழுத்தினால் ஸ்லைடு பின்னுக்கு நகர்ந்து சுடாமல் போகலாம். இந்த ஒரு விஷயத்தில் ரிவால்வர் எல்லா ஆட்டோமேட்டிக்கையும்விட மேல், அதைப் பழகும்போதே மனதில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் 2010-இலிருந்து மாநிலச் சட்டப்படி எடுத்துச் செல்லலாம், ஆனால் உள்ளே சுடுவது தடை, பார்வையாளர் மையம் மாதிரியான மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கொண்டுபோகவும் கூடாது. மேகசின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கொலராடோவில் உச்சவரம்பு 15 என்பதால் க்ளாக் 20 அப்படியே பொருந்தும். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் பத்துத் தோட்டா மேகசின்தான் வாங்க முடியும். அங்கே க்ளாக்கின் 15 என்ற சாதகம் போய்விடுகிறது. அந்த மாநிலங்களில் இருப்பவர், ஸ்பிரிங் மாற்றும் வேலைக்கும் அலுக்காதவர் என்றால், 1911-ஐ என்னைவிடத் தாராளமாகவே யோசிக்கலாம்.